மின்னணு மருத்துவப் பதிவேடுகள்: வளர்முக நாடுகளின் தாதியர் தயங்குவது ஏன்?

மருத்துவமனை ஒன்றில் நோயாளியைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் தாதியர்தான். உடல் வெப்பம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், கொடுக்கப்பட்ட மருந்து, அது கொடுக்கப்பட்ட நேரம், இரவில் நோயாளி உறங்கினாரா இல்லையா என்பன போன்ற விபரங்களை அவர்களே பதிந்து வைக்கின்றனர். மருத்துவர் காலையில் வந்து பார்க்கும்போது அவருடைய முடிவுகளுக்கு அடிப்படையாக அமைவதும் இந்தக் குறிப்புகள்தான்.

கடந்த கால் நூற்றாண்டில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் இந்தக் குறிப்புகளைக் காகிதத்தில் இருந்து கணினிக்கு மாற்ற முயன்று வந்துள்ளன. உலக வங்கி, ஐ.நா. அமைப்புகள், அமெரிக்க அரசின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் போன்றவை இதற்குப் பெருமளவில் நிதி வழங்கின. ஆயினும் ஒரு நாட்டில் வேரூன்றிய முறை இன்னொரு நாட்டில் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. இந்த வேறுபாட்டுக்கான காரணங்களைத் தேடியவர்கள், கணினிகளின் தரத்தைப் போலவே அவற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்த தாதியரின் மனப்பாங்கும் முக்கியமானது என்பதைக் கண்டனர்.

தாதியர் கணினிக்கு அஞ்சுகின்றனர் என்பது நிர்வாகிகள் பலரும் கூறும் விளக்கம். ஆனால் கென்யா, மலாவி, சாம்பியா, தென்னாபிரிக்கா, தமிழ்நாடு ஆகிய இடங்களின் அனுபவங்கள், விடயம் அவ்வளவு எளிதானதல்ல என்பதைக் காட்டுகின்றன.

பின்னணி

ஒரே மருத்துவமனையின் சுவர்களுக்குள் பயன்படும் கணினிப் பதிவை மின்னணு மருத்துவப் பதிவேடு என்றும், ஒருவர் எங்கு சிகிச்சைக்குச் சென்றாலும் அவரைத் தொடர்ந்து வரக்கூடிய பதிவை மின்னணு சுகாதாரப் பதிவேடு என்றும் துறைசார்ந்தவர்கள் பிரித்துக் கூறுவதுண்டு. நடைமுறையில் இரண்டு சொற்களும் மாறி மாறியே வழங்கி வருகின்றன.

பதிவுகள் பற்றிய கவலை தாதியர் தொழிலுக்குப் புதியதல்ல. நவீன தாதியர் சேவையின் முன்னோடியாகக் கருதப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மருத்துவமனைகள் குறித்து 1863 இல் வெளியிட்ட நூலிலேயே, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மருத்துவமனைப் பதிவுகள் கிடைப்பதே அரிதாக இருக்கின்றது என்று குறைப்பட்டுக் கொண்டார். நல்ல பதிவு நோயாளியின் உயிரைக் காக்கும் என்ற எண்ணம் இந்தத் தொழிலின் தொடக்கத்தில் இருந்தே அதனுடன் இருந்து வந்துள்ளது.

இப்போது அந்தப் பதிவை யார் வைத்திருப்பது என்பது ஆளணிப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 59 லட்சம் தாதியருக்குப் பற்றாக்குறை நிலவியது. அந்தப் பற்றாக்குறையில் 89 சதவீதம் குறைந்த வருமானமும் குறைந்த நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளிலேயே இருந்தது. ஒரு தாதியின் ஒரு மணி நேரம் மிகவும் அருமையாக இருக்கும் நாடுகளில்தான், அந்த நேரத்தில் ஒரு பங்கைக் கணினியும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

மனப்பாங்கை அளப்பது எப்படி?

கணினிமயமாக்கல் பற்றித் தாதியர் என்ன நினைக்கின்றனர் என்பதை அளவிட 1985 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ராங், பிராட் ஆகியோர் 20 கூற்றுகளைக் கொண்ட வினாக்கொத்து ஒன்றை உருவாக்கினர். பின்னர் பல நாடுகளிலும் அது மொழிபெயர்க்கப்பட்டும் திருத்தப்பட்டும் பயன்படுத்தப்பட்டது.

1989 இல் பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்த கோட்பாடு இந்தத் துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. ஒரு தொழில்நுட்பத்தை ஊழியர்கள் ஏற்பதும் மறுப்பதும் இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்கிறது அந்தக் கோட்பாடு. அது தமது வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒன்று. அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம் மற்றொன்று. 2003 இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் இதை விரிவாக்கி, சுற்றியிருப்போரின் செல்வாக்கையும், பயன்படுத்துவதற்கான வசதிகள் இருக்கின்றனவா என்பதையும் அதில் சேர்த்தனர்.

வளர்முக நாடுகளைப் பொறுத்தவரை கடைசியாகச் சொல்லப்பட்ட அம்சமே அதிக கனம் வாய்ந்தது. மின்சாரம் நின்றுபோகும் சிற்றூர் மருத்துவமனையிலும், முப்பது படுக்கைகளுக்கு ஒரே கணினி இருக்கும் நோயாளர் விடுதியிலும், தாதியின் மனப்பாங்கு எவ்வளவு சாதகமானதாக இருந்தாலும் பயனில்லை.

இந்த வினாக்கொத்துகளுக்கு ஒரு குறைபாடும் உண்டு. கணினி வருவதற்கு முன்னர் கேட்டால் பெரும்பாலானோர் வரவேற்பதாகவே பதிலளிக்கின்றனர். நவீனமானது ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்கு, அதுவும் மேலதிகாரி வழங்கிய தாளில் எழுதிக் கொடுப்பதற்கு, எவரும் தயங்கக்கூடும். கணினி வந்து ஆறு மாதங்களோ ஓராண்டோ சென்ற பின்னர் அவர்கள் உண்மையில் எதில் எழுதுகின்றனர் என்று பார்ப்பதே அவர்களுடைய மனப்பாங்கைச் சரியாகக் காட்டும்.

கென்யாவின் இரு முகங்கள்

மேற்குக் கென்யாவில் எல்டொரெட் நகருக்கு அருகே மொசோரியொட் என்ற கிராமப்புற சுகாதார நிலையத்தில் 2001 இல் ஒரு கணினிப் பதிவு முறை தொடங்கப்பட்டது. மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் இணைந்து இதனை உருவாக்கின. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவில் இத்தகைய முயற்சிகளில் முதன்மையானவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

முறை நடைமுறைக்கு வருவதற்கு முன்னும் பின்னும் ஊழியர்களின் நேரம் எவ்வாறு செலவாகிறது என்பதை ஆய்வாளர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தனர். 2003 இல் வெளியான முடிவுகளின்படி, நோயாளி ஒருவர் நிலையத்தில் செலவிடும் மொத்த நேரம் 22 சதவீதம் குறைந்தது. அவர் காத்திருக்கும் நேரமும் 38 சதவீதம் குறைந்தது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஊழியர்கள் நோயாளிகளுடன் செலவிட்ட நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தமக்குள் பேசிக்கொள்ளும் நேரமும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. அவர்களுடைய சொந்த நேரம் கூடியிருந்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. நிர்வாகியின் பார்வையில் இது திறமையின் அடையாளம்; வரிசை குறைகிறது, அதிகமானோரைப் பார்க்க முடிகிறது. நோயாளியின் அருகில் இருப்பதே தனது தொழில் என்று பயிற்றுவிக்கப்பட்ட தாதிக்கு இதே எண்கள் ஓர் இழப்பாகவும் தோன்றக்கூடும். உலகெங்கும் தாதியர் மீண்டும் மீண்டும் கூறும் முறைப்பாடு, தாம் நோயாளியைப் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே.

மொசோரியொட்டின் அனுபவம் வீண்போகவில்லை. எய்ட்ஸ் சிகிச்சை விரிவடைந்தபோது அந்தப் பழைய முறை போதாமற் போனது. அதைத் தொடர்ந்து 2004 இல் பிறந்த ஓபன்எம்ஆர்எஸ் என்ற கட்டற்ற மென்பொருள், பின்னர் ருவாண்டா, உகாண்டா, ஹெய்ட்டி உள்ளிட்ட பல நாடுகளுக்கும் பரவியது.

மலாவியின் தொடுதிரை

ஆபிரிக்காவின் வறிய நாடுகளில் ஒன்றான மலாவியில் மருத்துவர்கள் மிகக் குறைவு. அங்கு சிகிச்சையின் பெரும் சுமையைத் தாதியரும் மருத்துவ உதவி அதிகாரிகளுமே சுமக்கின்றனர். தலைநகர் லிலொங்வேயில் உள்ள கமுசு மத்திய மருத்துவமனையில் 2001 ஆம் ஆண்டு வாக்கில் பயோபாப் ஹெல்த் என்ற அமைப்பு ஒரு முறையைத் தொடங்கியது. அது இந்த உண்மையில் இருந்தே புறப்பட்டது.

விசைப்பலகையைப் பார்த்தே இராத ஒருவரும் பயன்படுத்தக்கூடியதாகக் கணினி இருக்க வேண்டும் என்று அதன் வடிவமைப்பாளர்கள் கருதினர். ஆகவே தொடுதிரையைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு திரையில் ஒரு கேள்வி மட்டுமே தோன்றும். தாதி விரலால் பதிலைத் தொட்டால் அடுத்த கேள்வி வரும். மின்சாரம் அடிக்கடி தடைப்படுவதால், குறைந்த மின்சக்தியில் இயங்கி மின்கலத்தின் துணையுடன் தொடரும் கருவிகள் பயன்படுத்தப்பட்டன.

மலாவியில் நோயாளிகள் தமது சுகாதாரக் கையேட்டைத் தாமே வைத்திருப்பது வழக்கம். கணினி வந்த பின்னரும் அந்தக் கையேடு ஒழிக்கப்படவில்லை. அன்றைய சிகிச்சை விபரங்கள் சிறு ஒட்டுத்தாளில் அச்சாகி அந்தக் கையேட்டில் ஒட்டப்பட்டன. கணினி இல்லாத இன்னொரு கிராமத்து நிலையத்துக்கு நோயாளி சென்றாலும் அங்குள்ள தாதியால் அதைப் படிக்க முடிந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டிய அறிக்கை. எய்ட்ஸ் சிகிச்சை நிலையங்கள் தமது நோயாளிகளில் எத்தனை பேர் உயிருடன் இருக்கின்றனர், எத்தனை பேர் சிகிச்சையை விட்டு விலகினர், எத்தனை பேர் இறந்தனர் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட நிலையங்களில் இந்தப் பதிவேடுகளைக் கையால் எண்ணி முடிப்பது பெரும் வேலை. கணினி அந்த எண்ணிக்கையைத் தானே செய்தது. தாதிக்குக் கணினி என்ன தந்தது என்ற கேள்விக்கு அங்கே கையில் பிடித்துக் காட்டக்கூடிய பதில் இருந்தது.

யார் பதிவது?

சாம்பியாவின் ஸ்மார்ட்கேர் முறை, நோயாளியின் விபரங்களை அவர் கையில் வைத்திருக்கும் அட்டையிலேயே சேமிக்கும் எண்ணத்துடன் உருவாக்கப்பட்டது. அது இரு வழிகளில் பயன்படுத்தப்பட்டு வந்தது. ஒரு வழியில் தாதியும் மற்ற ஊழியர்களும் நோயாளியின் முன்னிலையிலேயே கணினியில் பதிகின்றனர். மற்ற வழியில் தாதி காகிதப் படிவத்தில் எழுத, அதைத் தரவுப் பதிவாளர் ஒருவர் பின்னர் கணினியில் ஏற்றுகிறார்.

தாதியரின் மனப்பாங்கைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இரண்டாவது வழியில் தாதிக்குச் சிரமம் குறைவு. ஆனால் பயனும் குறைவு. அவர் எழுதியது கணினிக்குள் செல்கிறது, அறிக்கையாகத் தலைநகருக்குப் போகிறது, அவரிடம் திரும்பி வருவதில்லை. மருந்து ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கையோ, தவறவிட்ட சந்திப்பு பற்றிய நினைவூட்டலோ உரிய வேளையில் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. முதலாவது வழியில் இவையெல்லாம் கிடைக்கக்கூடும். ஆனால் அதற்குப் போதிய கருவிகளும், மின்சாரமும், பயிற்சியும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரமும் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மிக மோசமான மூன்றாவது நிலை ஒன்றும் இருக்கிறது. கணினியையும் நம்ப முடியாது, காகிதத்தையும் விட முடியாது என்று இரண்டிலும் எழுதச் சொல்வதுதான் அது. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கும் இரட்டைப் பதிவு பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

தென்னாபிரிக்காவின் பாடம்

நிறவெறி ஆட்சி முடிவுற்ற பின்னர், தென்னாபிரிக்காவின் வறிய மாகாணங்களில் ஒன்றான லிம்போபோ, தனது 42 மருத்துவமனைகளையும் இணைக்கும் கணினி முறை ஒன்றைத் தொடங்கியது. அதன் செலவு 13 கோடியே 40 லட்சம் ராண்ட். மாகாணத்தின் ஆண்டு சுகாதார வரவுசெலவுத் திட்டத்தில் இது சுமார் இரண்டரை சதவீதம். திட்டம் தோல்வியில் முடிந்தது.

அதனை மதிப்பீடு செய்த ஆய்வாளர்கள் 2003 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் சஞ்சிகையில் தமது முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவமனையின் அன்றாட வேலை எவ்வளவு சிக்கலானது என்பது குறைத்து மதிப்பிடப்பட்டதையும், ஊழியர்களின் தொழில்சார் பண்பாடு கவனத்தில் கொள்ளப்படாததையும், இந்தப் புதிய முறை எதற்காக என்பது அதைப் பயன்படுத்த வேண்டியவர்களுக்கு உணர்த்தப்படாததையும் அவர்கள் முக்கிய காரணங்களாகச் சுட்டிக்காட்டினர்.

தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர்

இந்தியாவில் ஒரு துணை சுகாதார நிலையம் சமவெளிப் பகுதிகளில் சுமார் 5,000 பேருக்கும், மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் சுமார் 3,000 பேருக்கும் சேவையாற்ற வேண்டும் என்பது நியமம். தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் 8,700 அளவில் உள்ளன. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது வரை அங்கே எல்லாம் கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பு.

ஒவ்வொரு கர்ப்பிணியையும் குழந்தையையும் பெயர் சொல்லிப் பின்தொடரும் 'பிக்மி' என்ற கணினிப் பதிவு முறை, 2000களின் பிற்பகுதியில் இருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. தேசிய அளவில் தாய்-சேய் கண்காணிப்பு முறை 2009 இல் தொடங்கியது. 2016 இல் ஆந்திரப் பிரதேசத்தில் துணைச் செவிலியர்களுக்குக் கையடக்கக் கணினிகளுடன் 'அன்மோல்' என்ற செயலி அறிமுகமானது.

தமிழ்நாட்டில் இந்தப் பதிவு வெறும் புள்ளிவிபரமாக மட்டும் நின்றுவிடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தவணைகள் இந்தப் பதிவுகளை ஒட்டியே விடுவிக்கப்படுகின்றன. பிறப்புப் பதிவுக்கும் இந்த எண் கேட்கப்படும் நிலை பின்னர் ஏற்பட்டது. ஆகவே இணையத் தொடர்பு அறுந்து ஒரு பதிவு ஏறாமற் போனால், பணம் ஏன் வரவில்லை என்று கர்ப்பிணியின் குடும்பத்தார் வந்து கேட்பது தலைநகரில் உள்ள அதிகாரியை அல்ல, தமது ஊரில் உள்ள செவிலியரைத்தான்.

பதிவேடுகளிலும் எழுத வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும், களப்பணிக்கும் செல்ல வேண்டும் என்றால் எப்படி என்பது செவிலியர் தரப்பு நெடுங்காலமாக எழுப்பி வரும் கேள்வி. இந்தப் பணிக்குத் தனியான பதிவாளர்கள் வேண்டும் என்ற கோரிக்கையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. கணினியே வேண்டாம் என்பது அவர்களுடைய கோரிக்கை அல்ல என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

கண்காணிப்பு என்ற அச்சம்

காகிதத்தில் எழுதப்பட்ட குறிப்பு எந்த நிமிடத்தில் எழுதப்பட்டது என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணினி அதைத் தானே பதிந்துவிடுகிறது. பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்து பத்தே முக்காலுக்குக் கொடுக்கப்பட்டால் அது தாதியின் பெயருடன் நிரந்தரமாக இருக்கும். அந்த முக்கால் மணி நேரம் அவர் வேறொரு நோயாளியின் உயிரைக் காக்கப் போராடிக் கொண்டிருந்தார் என்பது அதில் இருக்காது.

நோயாளியின் பாதுகாப்புக்கு இந்த நேரப்பதிவு தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதைத் தவறுகளைத் திருத்தப் பயன்படுத்துவதா, ஊழியரைத் தண்டிக்கப் பயன்படுத்துவதா என்பதை நிர்வாகமே தீர்மானிக்கிறது. தண்டனைக்கே பயன்படும் என்ற எண்ணம் பரவிய இடங்களில், ஒரே கடவுச்சொல்லைப் பலரும் பகிர்ந்துகொள்வது, பணிநேர முடிவில் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளிடுவது போன்ற பழக்கங்கள் தலைதூக்குகின்றன. அப்போது கணினியின் பதிவு காகிதத்தை விடவும் நம்பகத்தன்மை குறைந்ததாகிவிடுகிறது.

நோயாளியின் அந்தரங்கம் பற்றிய கவலையும் தாதியரிடம் உண்டு. எய்ட்ஸ் தொற்று, கருக்கலைப்பு, மனநோய் போன்றவை ஒரு சிற்றூரில் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை மென்பொருள் எழுதுபவரை விட அந்த ஊரின் தாதி நன்கு அறிவார். கென்யா 2019 இலும் இந்தியா 2023 இலும் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. தென்னாபிரிக்காவில் அத்தகைய சட்டம் 2020 இல் முழுமையாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஆனால் பொதுக் கூடத்தில் திரை எல்லோருக்கும் தெரியும்படி கணினி வைக்கப்பட்டிருக்கும்போது சட்டம் மட்டும் போதுமானதல்ல.

நிதி நின்றபோது

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. அதே ஆண்டு ஜூலை முதலாம் தேதி அதன் சர்வதேச அபிவிருத்தி நிறுவனமான யு.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவது முடிவுக்கு வந்தது. ஆபிரிக்காவில் எய்ட்ஸ் சிகிச்சைக்கான கணினிப் பதிவு முறைகளும், தரவுப் பதிவாளர்கள் பலரின் சம்பளமும் இந்த நிதியையே சார்ந்திருந்தன. தென்னாபிரிக்காவில் வேலை இழந்த ஆயிரக்கணக்கான சுகாதார ஊழியர்களில் தரவுப் பதிவாளர்களும் அடங்குவர்.

பதிவாளர் போய்விட்டாலும் நோயாளிகள் வருவது நிற்கவில்லை. அவர் செய்துவந்த வேலை ஒன்றில் தாதியின் தலையில் விழ வேண்டும், அல்லது செய்யப்படாமல் கிடக்க வேண்டும். செய்யப்படாமல் கிடந்தால், மருந்தை நிறுத்திவிட்ட நோயாளி யார் என்பதைக் கண்டறியும் வழி அடைபட்டுவிடுகிறது. கணினிப் பதிவு என்பது கருவியை வாங்குவதுடன் முடிவதில்லை, அதை இயக்குபவருக்கு ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்க வேண்டியதும் அதன் செலவே என்பதை இது உணர்த்தியது.

என்ன செய்யலாம்?

இந்த நாடுகளின் அனுபவங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில் சில பொதுவான முடிவுகளுக்கு வர முடிகிறது. மென்பொருளை வாங்குவதற்கு முன்னரே, நோயாளர் விடுதியில் பணிபுரியும் தாதியரை அதன் வடிவமைப்பில் சேர்ப்பது முதலாவது. ஆலோசனைக் குழுக்களில் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் அமர, தாதியர் பயிற்சி வகுப்புக்கு மட்டும் அழைக்கப்படுவது வழக்கமாகவே இருந்து வருகிறது.

காகிதப் பதிவேடு எந்தத் திகதியில் நிறுத்தப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்து அதன்படி நடப்பது இரண்டாவது. தாதி உள்ளிடும் தகவல் அவருடைய வேலைக்கே உதவும் வகையில், நினைவூட்டலாகவோ முடிக்கப்பட்ட அறிக்கையாகவோ அவரிடம் திரும்பி வர வேண்டும் என்பது மூன்றாவது. தாதியர் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இதற்கு இடமளிப்பது நான்காவது. பணியில் சேர்ந்த பின்னர் இரண்டு நாள் வகுப்பில் கற்பிப்பது போதாது.

இந்தியா 2021 செப்டம்பரில் நாடு தழுவிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஆபிரிக்க நாடுகள் பலவும் இப்போது சொந்த நிதியில் தமது பதிவு முறைகளைத் தொடரும் வழிகளைத் தேடி வருகின்றன. இந்த முயற்சிகள் வெற்றி பெறுமா என்பதற்கான விடையின் ஒரு பகுதி அமைச்சுகளில் இருக்கிறது. மற்றைய பகுதி, இரவுப் பணியில் முப்பது நோயாளிகளுக்குப் பொறுப்பாக நிற்கும் தாதி, அந்த நள்ளிரவில் கணினியை நாடுவாரா அல்லது சட்டைப் பையில் இருக்கும் துண்டுத் தாளில் குறித்துக்கொள்வாரா என்பதில் தங்கியிருக்கிறது.